கண்ணாடி மாற்ற நானூறு

காசிமேட்டில், ஐஸ் உடைக்கும் மிஷினுக்கு எதிரே
நாலடிக்கு ஆறடி என் கடை.
இந்த வருஷம் ரிப்பேருக்கு வந்த போன்களில்
பாதிக்கு மேல் ஒரே முகம்.
கோபினா எசில்ஃபி. வயசு பத்தொன்பது.
கானாவில் பிறந்து, பெல்ஜியத்தில் ஏதோ ஒரு குளிர் ஊரில்
இடது காலால் பந்தை வளைத்து அனுப்புகிறவன்.
எங்கள் பையன்களுக்கு அவன் கோபி.
கோபிண்ணன் என்றுகூட ஒருத்தன் சொன்னான்.
சொன்னவனுக்கு இருபத்திரண்டு.

உடைந்த கண்ணாடிக்கு அடியில் சிரிப்பான்,
நெற்றியில் விரிசலோடு.
சூடு காட்டி, பிளேடு நுழைத்து உரித்தால்
முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எட்டாயிரம் பேர்தான் அவனைப் பின்தொடர்ந்தார்கள், முதலில்.
அப்புறம் அந்த வீடியோ:
சாயம் பூசிய நீள மரப்படகு,
ஈர வலைக்குவியல் மேல் நின்று
பந்தை முட்டிக்கும் நெற்றிக்குமாய் எண்ணுகிறான்.
எங்க ஊர்ல செவ்வாக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டாங்க,
அன்னிக்குப் பொறந்தேன், அதான் கோபினா என்கிறான்.
செவ்வாயோ வெறுவாயோ என்கிற நாங்கள்
அதை எத்தனை தடவை பார்த்தோமோ.
நாற்பது லட்சம் பேர் ஆனார்கள்.
கேரம் கிளப் சுவரில் அவனை வரைந்தார்கள்,
காது மட்டும் கொஞ்சம் பெரிசாகிவிட்டது.
வியாசர்பாடியில் பந்தாடுகிற பெனில்டா
'அண்ணா, என் வீடியோவுக்கு லைக் போட்டுட்டான்' என்று
காட்டுவதற்காகவே கடைக்கு வந்தாள்.
அவள் போன் நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் பெனால்டி.
பந்து கம்பத்துக்கு மேலே போய்
கூட்டத்தில் யார் மடியிலோ விழுந்தது.

மறுநாள் தேசிங்கு வந்தான், பைக்கிலிருந்து விழுந்த போனோடு.
டெஸ்ட் பண்ணத் திறந்தேன்.
அவன் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது:
கோபினா படம். அதன் கீழே
தேசிங்கு பெயரில் ஒரு குரங்கு,
ஒரு வாழைப்பழம்,
மறுபடி ஒரு குரங்கு.
பதினேழு பேர் சிரித்திருந்தார்கள்.

தேசிங்கு.
மவுண்ட் ரோடு ஷோரூம் இன்டர்வியூவில்
முகத்தையும் முகவரியையும் மாறி மாறிப் பார்த்து
'காசிமேடா?' என்றார்களாம்.
அந்தக் கடைசி 'டா'வை மட்டும்
மூன்று மாதம் இதே ஸ்டூலில் உட்கார்ந்து
சொல்லிச் சொல்லி அழுதவன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
புதுக் கண்ணாடி ஒட்டி, குமிழ் நீக்கி, துடைத்து
'நானூத்தம்பது' என்றேன்.
'நானூறுதானேண்ணா?'
'ஏறிடுச்சு.'
முனகிக்கொண்டே கொடுத்தான்.

அந்த அம்பது ரூபாய்
ஸ்க்ரூ டப்பாவில் தனியாகக் கிடக்கிறது.
செலவு பண்ணவும் முடியவில்லை, திருப்பித் தரவும் மனசில்லை.
பெனால்டிக்கு அப்புறம்
கோபினாவுக்கு இன்னும் மூன்று லட்சம் பேர் கூடிவிட்டார்கள்.
அவன்தான் எதுவும் போடக் காணோம்.

இன்றைக்கும் தேசிங்கு வந்தான், சார்ஜர் கேட்டு.
கிழமை செவ்வாய்.
எடுத்துக் கொடுத்தேன்.