குறிப்பு என்ற நிரல்

காலை ஆறரைக்கு
மூதூர்ச் சந்தைக் கட்டட மொட்டைமாடியில்
நேற்றைய தாளைக் கழற்றுகிறேன்.
காற்றை உறிஞ்சும் பெட்டி ஒன்று
எனக்குச் சம்பளம் தருகிறது.
நேற்று வெள்ளை வட்டம். இன்று
கழுவாத தேநீர்க் கோப்பையின் அடி.

மலையில் கதவை மூடிவிட்டார்கள்.
யாரும் அறிவிப்பதில்லை,
தாள்தான் சொல்லும்.
மேலே கங்கை தேங்கத் தேங்க
கீழே மின்வெட்டு நீளும்.
ஐஸ் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, அரிசி ஆலை
ஒன்றன்பின் ஒன்றாய் டீசல் இருமும்.
கச்சான் காற்று வேறு
காய்ந்த ஆற்றைக் கிள்ளிக் கிள்ளி
ஊருக்குள் கொண்டுவரும்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்
அறைக்குள்ளே காய்கின்றன.

அணையின் கட்டுப்பாட்டறையில் விஜேகோன் என்றொருவர்.
முகம் தெரியாது, குரல் தெரியும்.
அவர் மீற்றரில் பேசுவார், நான் மைக்ரோகிராமில்.
"மழை இல்ல மிஸ்.
ராவு ஏழு மணிக்குக் கொஞ்சம் விடுறது."
அவர் விட்ட தண்ணீர்
எங்களிடம் வந்துசேர மூன்று நாள்.
அதில் பிறந்த மின்சாரத்துக்கு
அரை நொடி.

பதினேழாம் திகதி இரவு
மலையில் பெருமழை. எல்லாக் கதவுகளும் திறப்பு.
ஐஸ் தொழிற்சாலை சட்டென்று வாய்மூட
பக்கத்து வீட்டுக் கடிகாரம் கேட்டது.
முஸம்மிலின் மகள் ஸஹ்லா
பம்ப் எடுக்காமல் விடியும்வரை தூங்கினாள்.
தாளை இரண்டுமுறை நிறுத்தேன்.
ஏறக்குறைய வெள்ளை.

மூன்றாம் நாள் ஆறு வந்தது.
மணல்திட்டில் முஸம்மில் போட்ட வத்தகப்பழங்கள்,
இன்னும் நாலு நாளில் வெட்டவேண்டியவை,
கொடியோடு கழன்று
கொட்டியாரக் குடாவை நோக்கி
பச்சைத் தலைகளாய் மிதந்தன.
கங்கைப் பாலத்தில் நின்று எண்ணினாராம்.
நூற்றுப் பன்னிரண்டோடு விட்டுவிட்டார்.

பின்னேரம் முறைப்பாட்டுப் படிவம் கேட்டு வந்தார்.
'எதிராளி' என்ற கோட்டில் பேனா நின்றது.
தண்ணீர் என்று எழுதுவதா?
வெளிச்சம் என்றா?
"மகள் எப்படி?"
"நல்லா மூச்சு விடுறா மிஸ்."
சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை.
படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
கிழிக்கவில்லை.

திருகோணமலைக்கு அனுப்பும் பதிவேட்டில்
நிறை எழுதினேன், திகதி எழுதினேன்.
குறிப்பு என்ற நிரலில்
'காற்று நன்று' என்று எழுதி
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
அதன் பக்கத்தில்
'வத்தகப்பழம்' என்றும் எழுதினேன்.
மேலதிகாரி கேட்பார்.
கேட்கட்டும்.