மூன்றுக்கு ஒன்று

ஆரல்வாய்மொழியில் காற்றுக்குத்தான் முதல் குத்தகை.
மிச்சம் நாற்பது செண்ட் எனக்கு,
காற்றாலைக் காலடியில்.

போன வருசம் கொழுக்கட்டைப்புல் மட்டும் போட்டேன்.
மாடு தின்றது, வயிறு நிறைந்தது.
சொசைட்டியில் பிலோமினா
பால்மானியை இருமுறை முக்கிப் பார்த்து
"தண்ணி சேர்த்தியாக்கா?" என்றாள்.
சேர்க்கவில்லை.
புல்தான் தனியாக இருந்தது.

இந்த வருசம் மூன்று பங்கு புல்,
ஒரு பங்கு முயல்மசால்.
மசால் விதைக்குத் தோல் தடிமன்.
கை பொறுக்காத வெந்நீரில் நாலு நிமிசம்,
பிறகு ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணியில்.
விடிந்து பார்த்தால்
முறைத்துக்கொண்டிருந்தவை கொஞ்சம் இளகி
உப்பிக் கிடந்தன சட்டியில்.

புல்விதை வெறும் பஞ்சு.
உள்ளே உயிர் இருக்கிறதா என்று
நகத்தால் உரித்துப் பார்க்கவேண்டும்.
ஈரமணலும் சாணியும் பிசைந்து தூவு என்றிருந்தார் மாட்டு டாக்டர்.
புரட்டாசிச் சாரலைக் கண்ட அவசரத்தில்
வெறுங்கையால் அள்ளி வீசினேன்.
கணவாய் வாய் திறந்தது.
மசால் நேரே மண்ணில் விழ,
புல்லில் பாதி வேலி தாண்டி
சுயம்புலிங்கத்தின் தரிசுக்குப் போயிற்று.
முன்னூறு ரூபாய் பறப்பது
பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐப்பசி பெய்தது. இரண்டு பக்கமும் முளைத்தது.
கேளாமல் வந்த புல்லுக்கு
அவர் தேங்காய் உடைத்ததாகக் கேள்வி.

மார்கழியில் என் புல் இடுப்பளவு நின்று
மசாலின் வெயிலை மறித்தது,
மூத்த பிள்ளை தட்டை இழுத்துக்கொள்வதுபோல.
அரிவாளைச் சற்று உயரத்தில் பிடித்துத்
தலையை மட்டும் வாங்கினேன்.

பங்குனியில் அவர் பக்கம் வைக்கோல் நிறம்.
ஆடு முகர்ந்துவிட்டு நடந்தது.
என் பக்கமும் புல் காய்ந்ததுதான்,
ஆனால் அதன் தூரைக் கட்டிக்கொண்டு
மசால் பச்சையாக, பொடி மஞ்சள் பூவோடு.
ஒரு செடியைப் பிடுங்கினேன்:
வேரில் கடுகளவு முடிச்சுகள்,
நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு.

வெள்ளிக்கிழமை காலிச் சாக்கோடு வந்தார்.
"ஒனக்க புல்லு எனக்க நெலத்துக்கு வந்துதே,
கூட்டாளிய மட்டும் ஏன் பிடிச்சு வச்சிருக்க?"
அது கனம் அண்ணே, காற்றுக்கு வராது என்றேன்.
கிலோ என்ன விலை என்றார்.
பறந்த முன்னூறையும் சேர்த்துச் சொன்னேன்.
மேலே இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது,
யாருக்கோ மின்சாரம்.

பேரம் முடியுமுன் பால்நேரம் வந்துவிட்டது.
பிலோமினா இன்றைக்கு
ஒருமுறைதான் முக்கினாள்.