மூன்றாவதாகச் சாகிறவன்

அறுபத்திரண்டு தடவை அவனைக் கொன்றிருக்கிறேன்,
சோளமாவும் சிவப்புச் சாயமும் குழைத்து.
கணக்கு என் நோட்டில் இருக்கிறது:
நெற்றியில் பதினொன்று, முதுகில் இருபது,
தூக்குக்கயிறு ஐந்து,
விஷம் ஒன்றே ஒன்று.
(அன்று உதட்டில் நீலம் தடவியதோடு சரி.
சீக்கிரம் வீட்டுக்குப் போனோம்.)

எர்மேதே ஸ்கார்ட்ஸி.
பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது.
முகத்தைக் காட்டினால்
"அட, இவனா" என்பீர்கள்.
அந்த "அட, இவனா"வை வைத்துத்தான்
ரோமில் நாற்பது வருஷம்
வீட்டு வாடகை கொடுத்தான்.

கொமாக்கியோவில் விலாங்கு மீன் விற்றவரின் மகன்.
இடது புருவத்தில் ஒரு வெட்டு.
வில்லனுக்கென்றே பிறந்த முகம் என்று
இயக்குநர்கள் பூரித்தார்கள்.
ஏழு வயதில் மீன்கூடைக் கம்பி கிழித்தது அது.
இன்னும் கொஞ்சம் ஆழமாக, சிஞ்ஞோரா, என்பார்கள்.
நானும் ஆழமாக்குவேன்.
பென்சில் படும்போதெல்லாம்
கண்ணை மூடிக்கொள்வான்,
கூடை இன்னும் அங்கேயே இருப்பதைப் போல.

அல்மேரியாப் புழுதியில் மெக்ஸிகோக் கொள்ளைக்காரன்.
சினெசித்தாவின் அட்டைக் கோட்டையில் வாயிற்காவலன்.
ஒரே வாரத்தில் பாதிரியாரும்
இன்னொரு படத்தில் பாதிரியாரைக் கொன்றவனும்.
குதிரை என்றால் நடுக்கம்,
அதன் காதில் ஏதோ கெஞ்சிவிட்டுத்தான் ஏறுவான்.

தாளில் அவனுக்குப் பெயர் இருக்காது.
"மூன்றாவதாகச் சாகிறவன்" என்றிருக்கும்.
முதலில் சாகிறவனைப் பார்த்து ஜனம் திடுக்கிடும்.
கடைசியில் சாகிறவனுக்கு வசனம் உண்டு.
மூன்றாமவனுக்கு
விழ ஓர் இடம், அவ்வளவுதான்.
விடியுமுன்னே அங்கே போய்
குனிந்து குனிந்து கல் பொறுக்குவான்.

வசனம் வாய்த்த படங்களிலும்
குரல் அவனுடையது இல்லை.
ஸகரமெல்லாம் ஷகரமாய் வழுக்கும் சதுப்புநிலத்து நாக்கு
கொள்ளைக்காரனுக்கு ஆகாதாம்.
சும்மா எண்ணு, போதும், என்பார்கள்.
"முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, தொண்ணூறு!" என்று
துப்பாக்கியை நீட்டி ஒரு விதவையை மிரட்டுவான்.
ஒரு மாதம் கழித்து இருட்டறையில்
தூல்லியோ மராங்கோன் என்பவர் வந்து
அந்த எண்களின் மேல்
கிணற்றடியிலிருந்து எழும் குரலை ஊற்றுவார்.
சம்பளம் அவருக்குத்தான் அதிகம்.

ஒருநாள் டிராமில் ஒருவன் வழிமறித்தான்.
"அந்த வசனம், ஐயா, ஒரே ஒரு தடவை.
உன் குதிரை வீடு திரும்பும், நீ திரும்பமாட்டாய்."
எர்மேதே சொன்னான்.
கேட்டவன் முகம் தொங்கிவிட்டது.
"பரவாயில்லை" என்று தோளைத் தட்டி
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டான்.
இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில்
அன்று மீசை ஒட்டவே இல்லை.

எண்பத்து மூன்றில் தூல்லியோ போய்விட்டார்.
நாங்களிருவரும் தேவாலயத்தின் கடைசி வரிசையில்.
பூசை முடிந்து அவர் மனைவி
நேரே எர்மேதேயிடம் வந்தாள்.
கன்னத்தில் கை வைத்தாள்.
அவன் வாயையே வெகுநேரம் பார்த்தாள்.
ஆறுதல் சொல்ல அவன் உதடு பிரித்தபோது
"வேண்டாம்," என்றாள், "கொஞ்ச நேரம் பேசாதீர்கள்."
பேசவில்லை.
வீடு வரைக்கும் என்னிடமும் பேசவில்லை.

கடைசிப் படம் ஒரு சின்னப் பையன் எடுத்தது.
இரவல் குரலுக்குக் காசில்லை,
உங்கள் குரலே இருக்கட்டும் என்றான்.
இரவுக்காவலன் வேடம், தூக்கத்தில் சாவு,
எனக்கு வேலையே இல்லை.
ஒரே வசனம்: "விளக்கை அணைச்சிடட்டுமா?"
அதை ஷகரம் வழுக்க வழுக்க
தன் அப்பாவிடம் கேட்பதுபோல் கேட்டான்.
ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றவே இல்லை.

ரவென்னாப் பத்திரிகையில் நாலு வரி விமர்சனம் வந்தது.
"ஸ்கார்ட்ஸி நன்றாகச் செய்திருக்கிறார்.
குரல் கொடுத்தவர்தான் பொருந்தவில்லை."

கத்தரித்து எடுத்துவந்து
என் மேஜையில் வைத்தான்.
"உன் நோட்டில் ஒட்டு," என்றான்,
"அறுபத்து மூன்று."

ஒட்டினேன்.
எதிரே, வழக்கம்போல்,
சாய அளவுக்கு ஒரு கட்டம்.
அதில் எழுதியிருக்கிறேன்:
தேவைப்படவில்லை.