பயண நோக்கம்

ஏழு பேருக்குக் கிடைத்தது.
எனக்கு ஒரு தாள்,
அதில் பல கட்டங்கள்,
ஒன்றில் மட்டும் பேனாக் குறி:
பயண நோக்கம் நம்பும்படி இல்லை.
என்ன எழுதினேன் என்று யோசித்தேன்.
சைக்கிள் ஓட்ட, என்று எழுதியிருந்தேன்.

ஏழு சைக்கிளையும் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கியது நான்தான்.
ஹேண்டில்பாரைத் திருப்பி, செயினுக்குப் பழைய பனியன் சுற்றி.
மீனம்பாக்கத்தில் தேனப்பன் கட்டிப்பிடிக்க வந்து
பாதியில் கைகுலுக்கினான்.
இஷ்ரத் தன் அட்டவணைத் தாளை
என் ஸ்கூட்டர் டிக்கியிலேயே விட்டுப் போயிருந்தாள்.
மறதியா, வேண்டுமென்றேவா, கேட்கவில்லை.

முதல் நாள், அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
ஆற்றங்கரை, வால்நட் தோப்பு, இரவு ஒரு பண்ணைவீடு.
சரி.
நாலரைக்கு வேளச்சேரியில் கிளம்பினேன்.
சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம்,
உப்பளத்தில் வெளுக்கத் தொடங்கும் வானம்,
முட்டுக்காட்டில் எதிர்க்காற்று,
கானத்தூரில் வழக்கமான மூன்று நாய்கள்.
அங்கே நடுராத்திரி. அவர்கள் எழுவதற்குள்
அவர்கள் பாதையை முடித்துவிட்டு
லேபுக்குப் போய்
அடுத்தவர் ரத்தத்தில் சர்க்கரை பார்த்தேன்.

மதியம் படங்கள் வரும்.
சூரியகாந்தி வயல். ஏழு பேரும் ஒரே மாதிரி
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
யார் எடுத்தது என்று தெரியவில்லை.
எப்போதும் நான்தான் எடுப்பேன்.

மூன்றாம் நாள் மலை.
ஏற்றம், எண்ணூற்று நாற்பது மீட்டர்.
சென்னைக்கு ஏற்றம் கிடையாது,
இஸ்திரி போட்டு மடித்து வைத்த ஊர்.
கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினேன், இறங்கினேன்,
திரும்பி வந்து ஏறினேன்.
பதினோராவது முறை ஒரு கான்ஸ்டபிள் கை காட்டினார்.
எதையாவது தொலைச்சிட்டியாம்மா?
இல்ல சார், மலை ஏறுறேன்.
பாலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இது கத்திப்பாரா, என்றார், மெதுவாக,
வழி தவறியவளிடம் சொல்வதுபோல்.
பதினேழாவது முறை
தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி
எத்தனை பாக்கி என்று கேட்டார்.
இருபத்தி நாலில் விட்டுவிட்டேன். முட்டி விட்டுவிட்டது.

ஞாயிறு மாலை ஐந்தரை, வஞ்சிரம் கழுவிக்கொண்டிருக்கும்போது
தேனப்பன் கூப்பிட்டான்.
பின் டயர் கிழிஞ்சிடுச்சு, ட்யூப் வெளியே பிதுங்குது.
மத்தவங்க முன்னாடி போயிட்டாங்க.
ஊரே சாத்திக் கிடக்கு, ஒரு பூனைகூட இல்ல.
செதில் ஒட்டிய கையோடு போனைத் தோளில் இடுக்கினேன்.
உள்பக்கம் விரலால தடவு. கல் இருக்கும்.
இருக்கு.
பர்ஸ்ல நம்ம ஊரு நோட்டு?
பத்து ரூபா ஒண்ணு.
நாலா மடி. கிழிசலுக்கும் ட்யூபுக்கும் நடுவுல வை.
மெதுவா காத்தடி.

பம்ப் மூச்சிரைத்தது. எண்ணினேன்.
நடுவில் எங்கோ சர்ச் மணி.
நூற்று அறுபதில் போதும் என்றேன்.
பிறகு ஃப்ரீவீல் கடகடத்தது, அந்த வண்டிக்கு நானே போட்டது,
வர்றேன் என்று வைத்துவிட்டான்.

பழுப்பு நிறப் பத்து ரூபாய்.
அதன் முதுகில் கோனார்க் தேரின் சக்கரம்.
அந்த ராத்திரி அது என்னைத் தூங்கவிடவில்லை.
ரப்பருக்குள் இருட்டில், என் வாயில் நிற்காத பெயருள்ள ஊர்களில்,
இறக்கத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
மறுநாள் வண்டியை எடுக்கவில்லை.
அதற்கடுத்த நாளும்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு,
திருவான்மியூர் டீக்கடையில் எட்டு பேரும்.
பெனடிக்டா சீஸ் தந்தாள், வியர்த்துப்போன சீஸ்.
எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த மலையைப் பேசினார்கள்.
நானும் ஏதோ சொல்ல வந்து
டீயை ஊதினேன்.
தேனப்பன் பர்ஸைத் திறந்து
மடிப்பில் ரப்பர் கறை படிந்த நோட்டைக்
காசுக்காக நீட்டிவிட்டான், கவனிக்காமல்.

கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
இது செல்லாது தம்பி,
வேற இருக்கா?

குடுங்க, என்றேன்.