சொத்தை

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
ஆனால் நான் பல் வைத்தியர்.
முப்பத்தோரு வருஷமாக ஹௌகெசுன் துறைமுகத்தில்
அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பிழைப்பவள்.

ஐம்பத்தாறாம் பிறந்தநாளுக்கு டோர்லைவ்
இழுவை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான்:
லான்சியா ஃபுல்வியா,
எழுபத்திரண்டில் பிறந்த இத்தாலியக்காரி,
இரண்டே கதவு,
இமைபோல் மெல்லிய கூரைத்தூண்கள்.
சிவப்பு, என்றான்.
சிவந்திருந்ததில் பாதிதான் பெயின்ட்.

லத்தீன் படித்த பாதிரியார் ஒருவர்
கடைவாய் மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில்
அந்தப் பெயருக்கு அர்த்தம் சொன்னார்:
'ஹுல்வியா' என்றால் செம்பழுப்பு நிறத்தாள்.
பெயர் வைத்தவர்களுக்கு
அப்போதே தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை
கிளினிக்கில் ஓய்வு கொடுத்த ஊசிக்கம்பி ஒன்றை எடுத்துவந்து
சக்கர வளைவிலிருந்து தொடங்கினேன்.
நல்ல தகடு 'டிண்' என்கிறது.
சொத்தைத் தகடு ஒன்றும் சொல்வதில்லை,
கம்பியை உள்ளே வாங்கிக்கொள்கிறது.
எஞ்சினைத் தாங்கும் சட்டம் பிடித்திருக்கும் இடம்,
முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு,
பேட்டரித் தட்டு.
சாக்பீஸால் வட்டம் போட்டுப் போட்டு
வண்டிக்கே அம்மை கண்டதுபோல் ஆயிற்று.

கதவுக்குக் கீழ் நீளப் பெட்டியில்
எனக்கு முன்னால் எவனோ அடைத்திருந்தான்.
பெயின்டுக்கு அடியில் பட்டிப்பூச்சு,
பட்டிக்கு அடியில் கோழிக்கூட்டு வலை,
வலைக்கு அடியில் உள்ளூர்ச் செய்தித்தாள்,
எண்பத்தெட்டு மார்ச், ஹெர்ரிங் மீன் விலை, ஒரு திருமண அறிவிப்பு.
அதற்கும் அடியில்
கராஜின் தரை தெரிந்தது.

முந்தைய வைத்தியரை
நோயாளியின் முன்னால் ஏசக் கூடாது,
எங்கள் தொழிலின் மரியாதை அது.
கராஜில் நோயாளி என்று யாரும் இல்லை.
வாய் நிறைய ஏசினேன்.

கிளினிக்கில் எவ்வளவு குறைவாகச் சுரண்டுகிறேனோ
அவ்வளவு கெட்டிக்காரி.
இங்கே நல்ல இரும்பு எதிர்ப்படும்வரை
வெட்டிக்கொண்டே போக வேண்டும்.
ஒரு விரலகலம் என்று தொடங்கியது
நவம்பரில் முழங்கை நீளம்.
என் முதல் வெல்டிங்
அடுப்பில் பொங்கிக் காய்ந்த கஞ்சி.
இரண்டாவது, கொஞ்சம் நாளான கஞ்சி.
டோர்லைவ் எட்டிப் பார்ப்பான்,
வாங்கித் தந்த பாவத்துக்கு ஒன்றும் சொல்லாமல் போவான்.

பிப்ரவரியில்
ஓட்முண்ட் என்று ஒருவர், கீழ்வரிசை, இடப்பக்கம்.
வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம்
நான் நிறையப் பேசுவேன், பதில் வராது என்பதால்.
ஃபுல்வியா கதையைச் சொன்னேன்.
கோழி வலையைச் சொன்னேன்.
அதைத் திணித்த மகாபாவியைப் பற்றியும்.
அவர் கண்கள் அகலமாயின,
வலியோ என்று டிரில்லை நிறுத்தினேன்.

கொப்பளித்துத் துப்பினார்.
"மூன்று டப்பா பட்டி," என்றார்.
"வெள்ளிக்கிழமை வண்டிச் சோதனை.
அவளுக்கு நாள் நெருங்கியிருந்தது.
வெல்டிங்குக்குக் காசில்லை.
ஆஸ்பத்திரிவரை போனால் போதும் என்றிருந்தது."
போனதாம். அந்தப் பெண் இப்போது பெர்கனில் வக்கீலாம்.

மீதி வேலையைப் பேசாமல் செய்தேன்.
ஆஸ்பத்திரிவரை தாங்கச் செய்தது
முப்பத்தைந்து வருஷம் தாங்கியிருக்கிறது.
என் கைவேலையில்
அத்தனை நாள் நின்றவை எத்தனை?
எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

கதவருகே திரும்பி நின்று கேட்டார்:
"வலப்பக்கக் கண்ணாடி
இன்னும் தானாக இறங்குகிறதா?"

அன்றிரவு
சக்கரமில்லாமல் முக்காலிகள்மேல் நிற்கிற வண்டிக்குள் ஏறி
கண்ணாடியை மேலே சுற்றிவிட்டுக் காத்திருந்தேன்.
பட்டியலில் அது நாற்பத்தேழாவது கோளாறு.
கொட்டாவி விடுகிற வேகத்தில்
இறங்கியது.
அந்த இடைவெளியில் டோர்லைவின் கை உள்ளே வந்தது,
ஒரு தட்டில் சூடான மீன்வடை,
கடுகுச் சாஸ் சீட்டில் சொட்டாமல்
பார்த்துச் சாப்பிடச் சொன்னான்.
சீட்டே இல்லை,
கவிழ்த்த பெயின்ட் வாளி மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.