மூன்றடி

இஷ்பெல் ரெண்டலுக்கு
இருநூறு கஜம் ஒரு பொருட்டே இல்லை.
ஆர்க்னித் தீவின் காற்றைத்
தோளால் ஒதுக்கிவிட்டு அடிப்பாள்;
பந்து கடலோரம் வளைந்துபோய்ச்
சொன்ன இடத்தில் உட்காரும்.

மூன்றடிதான் சிக்கல்.

குழி கண்ணெதிரே. புல் மட்டமாக.
ஒரு குழந்தை காலால் தட்டிவிடலாம்.
குனிந்ததும் உள்ளே ஒருத்தி பேசத் தொடங்குவாள்:
போன அக்டோபர், கடைசிக் குழி,
விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்த பந்து,
யூனா ஃபிளெட் வேறு பக்கம் பார்த்துக்கொண்ட பண்பு.
அந்தப் பண்புதான் இன்னும் குத்துகிறது.
மணிக்கட்டு தன்பாட்டுக்கு ஒரு நூல் துள்ளும்.
பந்து வலப்பக்கம்.

மூச்சை எண்ணிப் பார்த்தாள்.
உள்ளே போகும், உள்ளே போகும் என்று
குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தாள்.
கண்ணாடி நம்பியது.
கை நம்பவில்லை.
மட்டையை மாற்றினாள். பிடியை மாற்றினாள்.
வீட்டுக் கம்பளத்தில், சாய்த்துவைத்த தேநீர்க் கோப்பைக்குள்
தொடர்ந்து நாற்பது விழுந்தன;
கோப்பைக்கு அக்டோபர் தெரியாது.

வேலை ஃபெர்ரியில்.
கப்பல் துறையை நெருங்குகையில்
கயிற்றின் கண்ணியை இரும்புத் தூணுக்கு வீசுவது
அவள் பொறுப்பு.
பதினோரு வருடம். தவறியதில்லை.
எப்படி என்று யாரும் கேட்டதில்லை,
அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டுக்கொண்டாள்.
எப்படி வீசுகிறேன்? முழங்கை எங்கே? எப்போது விடுகிறேன்?
கயிறு தூணை உரசித்
தண்ணீரில் விழுந்தது.

கரையில் ஆறு கார்கள், ஒரு நாய், தபால் வண்டி.
மேல்தளத்தில் தோர்ஃபின்.
இழுத்தாள். கனத்தது; பாசி ஒட்டியிருந்தது,
சட்டைக் கைக்குள் உப்புநீர் வழிந்தது.
மறுபடி வீசினாள்.
மாட்டிக்கொண்டது.
கப்பல் நின்றது. கார்கள் ஏறின.
நாய் மட்டும் ஒருமுறை குரைத்தது,
அதுவும் வேறெதையோ பார்த்து.

சனிக்கிழமை. பதினேழாவது குழி. மூன்றடி,
கொஞ்சம் கூடவே இருக்கலாம்.
உள்ளே இருப்பவள் வந்துவிட்டாள்,
அக்டோபரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.
போகச் சொல்லவில்லை இஷ்பெல்.
இரு, கொடியைப் பிடித்துக்கொள் என்றாள்.

கை நடுங்கியது.
நடுங்குகிற கையாலேயே தட்டினாள்.

பந்து விளிம்புவரை போய்
யோசித்தது.
யூனா இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.
இஷ்பெல்தான் திரும்பியிருந்தாள்:
கீழே, துறையை நோக்கி மூன்று மணிக் கப்பல்,
முன்தளத்தில் வேறு யாரோ,
கையில் ஈரக் கயிறு.