ஆறாம் மட்டத்துக் கதவு

விடிகாலை நாலு பன்னிரண்டுக்கு வெடித்தது.
என் கணினிக்கு அது பூஜ்யம்.

சுரங்கம் எனக்கு வெறும் கோடுகள்.
இருநூற்றுப் பதினாறு கிளைகள், நூற்று நாற்பது முடிச்சுகள்,
மேலே காற்றை உறிஞ்சியபடி ஒரு விசிறி.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடையெண் உண்டு,
எந்த வழியில் போவது சுலபம் என்று காற்று அதைப் பார்த்துத் தீர்மானிக்கும்.
கார்பன் மோனாக்சைடுக்குச் சிவப்பு கொடுத்திருக்கிறேன்.
அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.
எதையாவது பூசினால்தான்
விசாரணைக் குழுவின் கண்ணில் படும்.

நவம்பர். கட்டோவிட்சேயில் மதியம் நாலுக்கே இருட்டு.
ட்ரூடா நனைந்த பூட்ஸோடு வந்தாள்.
பத்தொன்பது வருஷமாக விளக்கறையில் வேலை:
இறங்குகிறவனுக்கு விளக்கும் சுவாசப்பெட்டியும் கொடுத்து
அவன் பித்தளை வில்லையை ஆணியில் மாட்டுவாள்.
அன்று ஏழு வில்லைகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை.
ஒன்று ஆஹிமுடையது. அவள் புருஷன்.

எத்தனையாவது நிமிஷம், என்றாள்.
முப்பத்தொன்று, என்றேன்.
திரையில் சிவப்பு கிளை கிளையாக நகர்ந்தது.
இதைப் பின்னாடி ஓட்ட முடியுமா?
படத்தை ஓட்டலாம். கணக்கை ஓட்ட முடியாது.
பரவிய வாயு எங்கிருந்து வந்தது என்று கேட்டால்
சமன்பாடு உளறத் தொடங்கிவிடும்.
தலையாட்டினாள்.
நான் சொன்னது அவளுக்குப் புதிதல்ல என்பதுபோல.

பிறகு சொன்னாள்:
அவன் பெட்டி திறக்காமல் கிடந்தது.
வெடிச்சத்தம் கேட்ட பிறகு அரைமணி நேரம்
மூடின பெட்டியோடு உட்கார்ந்திருக்க
ஆஹிம் என்ன முட்டாளா?
குழு "கவனக்குறைவு" என்று எழுதியாயிற்று.
என் முப்பத்தொன்றை வைத்துத்தான் எழுதினார்கள்.

விரலை வரைபடத்தில் வைத்து வழி தேடினாள்.
ஆறாம் மட்டம், எழுபத்தெட்டாம் கிளை.
இங்கே என்ன எண் போட்டிருக்கிறாய்?
மூடிய இரும்புக் கதவு, நாற்பது. திட்டத்தாளில் அப்படித்தான்.
சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.
அந்தக் கதவு என்றைக்கு மூடியது?
கீல் வளைந்து ஒரு கை அகலம் இடைவெளி.
தன் கோட்டைச் சுருட்டி அதில் செருகிவிட்டுத்தான் வேலை செய்வான்.
இடது கை மட்டும் கிழிந்துகொண்டே இருக்கும், தைத்தவள் நான்.
வெடியில் கோட்டா நிற்கும்?

நாற்பதை அழித்தேன்.
ஒன்றே முக்கால் போட்டேன்.
ரேடியேட்டர் டக் டக்கென்றது. இருவரும் காத்திருந்தோம்.

சிவப்பு அந்த இடுக்கில் நுழைந்தது
எட்டாவது நிமிஷத்தில்.
கட்டுப்பாட்டறைப் பதிவேட்டில் ஒரு வரி,
லைன் கோளாறு என்று நான் தள்ளி வைத்திருந்தது:
நாலு பத்தொன்பது. பெல்ட் போன். ஆஹிம்.
"வடக்கு முகப்புக்காரர்களை மேற்கு வழியாக" —
அதோடு நிற்கிறது.

கசிந்தது இந்தப் பக்கம் போனதால்
வடக்கில் நால்வருக்குச் சிவப்பு தாமதமாயிற்று, இருபத்திரண்டு நிமிஷம்.
அவர்கள் நடந்தே வெளியே வந்தவர்கள்.
இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்.
அவள் ஏற்கெனவே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெரியும், என்றாள்.
அந்த நால்வருக்கும் வில்லையைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள்.
கதவைப் பற்றி மூன்று தடவை எழுதிக் கொடுத்தான்,
தாள் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.
உன் கணக்குக்கு யார் சொன்னது என்று கேட்பார்கள். என்ன போடுவாய்?

தடையெண் பட்டியலில் "ஆதாரம்" என்று ஒரு கட்டம் உண்டு.
எல்லா வரிசையிலும் கருவிகளின் பெயர், அளந்த தேதி.
எழுபத்தெட்டாம் வரிசையில் தட்டச்சினேன்:
ட்ரூடா விரோபெக், விளக்கறை.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.